மேல் மாடியில் ஓர் ஒற்றன்

அந்தக் காலத்துக் கண்டியில் கதைப் புத்தகம் படிக்கிற ஆண்பிள்ளைகள் இரண்டு வகை. ஊர் பார்க்கப் படிக்கிறவர்கள் ஒரு வகை. அட்டையின் மேல் பழுப்புத் தாளைச் சுற்றி, 'வியாபாரக் கணக்கு முறை' என்று மையால் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் இன்னொரு வகை. செல்லச்சாமி இரண்டாவது வகை. தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் கம்பனி ஒன்றில் அவன் கிளாக்கர். கழுத்தில் டை, காலில் சப்பாத்து, குடியிருந்த மஹய்யாவையில் நாலு பேர் 'கிளாக்கரய்யா' என்று கூப்பிடுகிற மரியாதை. அப்படிப்பட்டவன் முகமூடியும் கைத்துப்பாக்கியும் போட்ட அட்டையோடு பஸ்ஸில் உட்கார முடியுமா?

ஆனால் ஒற்றர் நாவல் என்றால் அவனுக்கு உயிர். சென்னைப் பட்டணத்தில் அச்சாகி, கப்பலேறி, தலைமன்னார் வழியாக ரயிலில் கண்டிக்கு வந்து சேரும் புத்தகக் கட்டை முதலில் பிரிப்பவன் அவன்தான். மாறுவேடம், ரகசியக் கதவு, இரட்டைப் பேச்சு எல்லாமே பிடிக்கும். எல்லாவற்றிலும் மேலாக அவனுக்குப் பிடித்தது கடைசி அத்தியாயம். துப்பறியும் கஜபதி ராவ் பூனை நடை நடந்து வந்து, திரையைச் சடாரென்று விலக்கி, "வெளியே வாரும் ஐயா, உமது நாடகம் முடிந்தது!" என்பார். அந்த வரியை எத்தனை புத்தகத்தில் படித்தாலும் செல்லச்சாமிக்கு மயிர்க்கூச்செறியும்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மனைவி பாலாம்பிகைக்குக் கொட்டாவி வரும். கம்பனியில் சொன்னால் மானம் போகும். மிஞ்சியவர் கண்டியின் கொழும்பு வீதியில் குடைக்கடை வைத்திருந்த ஹாஷிம் ஒருவர்தான். மடவளையில் பிறந்தவர், செல்லச்சாமியை விட ஐந்தாறு வயது மூத்தவர். அவன் அவரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்பான், அவர் இவனைத் 'தம்பி' என்பார். கடைக்கு மேலே அவருடைய வீடு. பின்பக்கத்துப் பலகைப் படி ஏறினால் கூடம் வரும். அங்கே கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு செல்லச்சாமி கதை சொல்வான். ஹாஷிம் பாதிக் கதையில் கண் அசந்துவிடுவார். இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே பெரிய காரியம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாஷிம் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்வதும் செல்லச்சாமிதான். கம்பனியில் சாப்பாட்டு நேரம் அது. கடையை அடைத்துவிட்டுப் போவதுதான் மற்றவர்கள் வழக்கம். ஹாஷிமோ, "தம்பி இரிக்கிறாரு, எனக்கென்ன பயம்?" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். இந்த நம்பிக்கையில் செல்லச்சாமிக்கு உள்ளூரப் பெருமை. சொந்தத் தம்பிகூட இவ்வளவு உரிமையோடு அந்தக் கடையில் உட்கார்ந்திருக்க முடியாது என்று நினைத்துக்கொள்வான்.

முப்பத்தொன்பதாம் வருஷம் செப்டெம்பரில், யுத்தம் தொடங்கிய கையோடு, ஓர் அதிசயம் நடந்தது. கதை கேட்டாலே தூங்கிவிடுகிற ஹாஷிம், தானாகவே வாய் திறந்து, "தம்பி, அந்தப் பொஸ்தகத்துல ஒண்டு தாங்க. வாசிச்சுப் பாப்பம்" என்றார். செல்லச்சாமி நெகிழ்ந்துபோனான். 'சிங்கப்பூர் ஒற்றன் அல்லது பாதி எரிந்த கையுறை' என்ற நாவலைக் கொடுத்தான். இரண்டாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கருத்தும் வந்தது.

"திரைய விலக்கிறதுல என்ன ருசி தம்பி? ருசியெல்லாம் அதுக்கு முந்தித்தான். திரைக்குப் பொறத்தால ஒருத்தன் மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கிறான். நாமளும் அவனோட நிக்கிறம். கால் சத்தம் கிட்டக் கிட்ட வருது. அந்த எடத்துல வாசிக்கிறதையே நிப்பாட்டியாச்சு, நம்மட மூச்சுச் சத்தம் வெளிய கேட்டிரும் எண்டு."

இத்தனை நாவல் படித்த செல்லச்சாமி ஒருநாளும் ஒளிந்திருப்பவனோடு போய் நின்றதில்லை. எப்போதும் தேடுகிறவன் பக்கம்தான். வீட்டுக்குப் போய் அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தான். ஒற்றனோடு திரைக்குப் பின்னால் நின்று பார்த்தான். உண்மையாகவே நெஞ்சு அடித்துக்கொண்டது.

அடுத்த புத்தகத்தில் தையல்காரனாக வேஷம் போட்டு ஊரில் பல வருஷம் வாழ்கிற ஒற்றன் ஒருவன் வருவான். அதைப் பற்றி ஹாஷிம் சொன்னார், "எதிரியா வந்தவன், தையல்காரனா வாழ்ந்து பழகிட்டான். ஊருப் புள்ளைகளுக்குப் பெருநாள் சட்டை தைக்கிறான். எது வேஷம், எது தானெண்டு அவனுக்கே வெளங்கல்ல. அந்த எடத்துல அழுகை வந்திச்சி." ஹாஷிமின் தாடியையும் குடைக்கம்பி வளைக்கிற முரட்டு விரல்களையும் பார்த்து, இந்த மனிதருக்குள் இவ்வளவா என்று செல்லச்சாமி அசந்துபோனான். அதற்குப் பிறகு ஒரு நாவலைப் படிக்கும்போதே, இதற்கு நானா என்ன சொல்வார் என்ற ஆவல் பிடித்துக்கொள்ளும். கதையைவிட அந்தப் பேச்சுக்காகவே படிக்க ஆரம்பித்தான் என்றால் பொய் இல்லை. அவனோடு அப்படிப் புத்தகம் பேசிய ஆள் அதுவரை பிறக்கவில்லை.

பேச்சை அனுபவித்ததோடு நின்றிருந்தால் நல்ல மனிதனாகவே இருந்திருப்பான். ஆனால் அவனுக்குள் கஜபதி ராவ் குடியிருந்தாரே! புத்தகத்தைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்டால் ஹாஷிம் விழிக்கிறார் என்பதைக் கவனித்தான். "அந்தக் கப்பல் தலைவன் நல்லவனா கெட்டவனா நானா?" என்று கேட்டால், "எந்தக் கப்பல்? ஆ... நாளைக்கிச் சொல்றேன்" என்பார். மறுநாள் பதில் அம்பாக வரும். சரி, அப்படியென்றால் வாசிக்கிறவர் வேறு ஆள். யார்?

இன்னும் கவனித்தான். கூடத்துக்கு அவனைக் கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. தேத்தண்ணி கீழே கடைக்கே வந்தது. கேட்டால், "மேல கொஞ்சம் வேலை நடக்குது தம்பி" என்றார் ஹாஷிம். மேசனும் வரவில்லை, தச்சனும் வரவில்லை. வீதியைப் பார்த்த ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டு மறைத்திருந்தது. நானா பொய் சொல்கிறார்! அந்தப் பொய்யைக் கண்டுபிடித்ததில் செல்லச்சாமிக்கு வருத்தம் வரவில்லை, குஷி வந்தது.

அப்போது ஊரெல்லாம் ஒற்றர் பேச்சு. வாவிக்கரையில் படம் பிடித்த எவனையோ பொலிஸ் கொண்டுபோனதாம். ஜேர்மன்காரர்களை எல்லாம் தியத்தலாவையில் அடைத்து வைக்கிறார்களாம். இதையும் அதையும் முடிச்சுப் போட்டு, கம்பனி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு செல்லச்சாமி யோசித்தான். பிடிபடாமல் தப்பிய ஜேர்மன்காரன் ஒருவன் குடைக்கடை மாடியில் பதுங்கியிருக்கிறான்! ஜேர்மன்காரன் எப்படித் தமிழ் நாவல் வாசிப்பான் என்று மனச்சாட்சி குறுக்குக் கேள்வி போட்டது. ஏன் வாசிக்க மாட்டான்? தமிழ் கற்ற ஜேர்மன் பாதிரிமார் எத்தனை பேர்! ஒளிந்திருக்கிறவனோடு சேர்ந்து மூச்சை அடக்குகிறேன் என்று வேறு யார் சொல்வார்? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மூளை கெட்டுப்போனால் எல்லாம் கச்சிதமாகத்தான் பொருந்தும்.

முழுக்க நம்பினானா என்று கேட்டால் இல்லை. ஆனால் பார்த்துவிட வேண்டும். அந்த அரிப்புக்கு ஜேர்மன்காரன் ஒரு சாக்கு.

நோன்பு மாதத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. ஹாஷிம் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். மழை பிடிக்கவே வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. பின்பக்கத்துக் குசினியில் பெண்கள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. செல்லச்சாமி சப்பாத்தைக் கழற்றினான். பலகைப் படியின் ஓரத்தில் கால் வைத்தால் கிறீச்சிடாது என்பது நாவல் தந்த படிப்பு. அப்படியே ஏறினான். கூடத்தின் மூலையில் அறைவாசலுக்கு வெள்ளைத் திரை தொங்கியது. இதற்கு முன் அங்கே திரை இருந்ததில்லை. உள்ளே தாள் புரளும் ஓசை. கையை நீட்டி, சடாரென்று விலக்கினான்.

பாயில் ஒரு பெண் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை. மடியில் புத்தகம்.

"நானா, இன்னும் பள்ளிக்குப் போகல்லையா?" என்றாள் திரும்பாமலே. "அவருக்கிட்டச் சொல்லுங்க, இந்த ஒற்றன் தப்பணும். இவன் ஆப்பிட்டா நான் அடுத்த பொஸ்தகம் வாசிக்க மாட்டேன் எண்டு."

பதில் வராததால் திரும்பினாள். சின்ன வயதுதான். அழுது அழுது வீங்கிப் பழகிய கண்கள். அவள் கத்தவில்லை. கையிலிருந்த புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். செல்லச்சாமியின் புத்தகம். 'வியாபாரக் கணக்கு முறை' என்று அவன் கையெழுத்தில் எழுதிய அட்டை அவனைப் பார்த்தது.

திரையை விட்டான். படி கிறீச்சிடுவதைப் பற்றி இப்போது கவலை இல்லை. கடையில் வந்து விழுந்து சப்பாத்தை மாட்டும்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆகஸ்டில் இந்தக் கடை சில நாள் பூட்டிக் கிடந்தது. கம்பளையில் ஹாஷிமின் தங்கை றமீலாவின் மாப்பிள்ளை காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். செல்லச்சாமியே வந்து ஹாஷிமின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தான். அந்தத் தங்கை என்ன ஆனாள் என்று மட்டும் அவன் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இத்தா இருப்பாள் என்பது கண்டியில் வளர்ந்த யாருக்கும் தெரிந்த சங்கதி. இவனுக்கும் தெரியும். எங்கேயோ இருக்கிற ஜேர்மன்காரனைக் கண்டுபிடித்தவனுக்கு, கண்ணுக்கு முன்னால் இருந்த சாவு தெரியாமல் போயிற்று.

ஹாஷிம் மழையில் நனைந்த தோளைத் தட்டிக்கொண்டு வந்தார். "ஏதும் விசேஷம் இரிக்கா தம்பி?" என்று கேட்டார். ஒவ்வொரு வெள்ளியும் கேட்கிற கேள்விதான். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. வாய், "ஒண்ணும் இல்ல நானா" என்றது.

அன்று சாயந்திரம் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரோ பேசிக்கொண்டார்கள் என்பது போலப் பாலாம்பிகையிடம் கேட்டான். "இத்தாவில இருக்கிற பொம்பளைய ஒரு ஆம்பிள தெரியாத்தனமாப் பாத்துட்டா என்னாகும்?"

"எனக்கு என்னாங்க தெரியும்? முதல்ல இருந்து திரும்ப இருக்கணும்னு சில பேர் சொல்றாங்க. அதெல்லாம் இல்லைன்னும் சொல்றாங்க. ஆனா பாவம், அந்தப் பொம்பள மனசு என்ன பாடுபடும்? எந்த எடுபட்ட பய அப்படிப் பாத்தான்?"

"யாரோ" என்று எழுந்து கை கழுவப் போனான்.

பேச்சு நின்றுபோயிற்று. புத்தகம் கொடுத்தால் ஹாஷிம் வாங்கிக்கொள்வார். இரண்டு மூன்று நாளில் திருப்பித் தருவார். "எப்படி நானா?" என்று கேட்டால், "நல்லம்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லுக்காகவும் செல்லச்சாமி ஏங்கினான். அவள் தன் அண்ணனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, வெட்கத்தில் மறைத்துவிட்டாள் என்று கணக்குப் போட்டான். அப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததற்காக இன்னும் கேவலமாக இருந்தது.

நோன்பு மாதம் முழுக்க வெள்ளி தவறாமல் கடையில் உட்கார்ந்தான். மேலே பலகை லேசாக அசைந்தாலும் தலையைக் குனிந்துகொள்வான். ஹாஷிம் திரும்பி வந்து, உலர்ந்த உதட்டோடு, "ஏதும் விசேஷம் இரிக்கா தம்பி?" என்பார். "இல்ல நானா" என்பான். நோன்பு பிடித்திருக்கிற மனிதருக்கு முன்னால் பொய் சொல்கிறோமே என்று கூசும். பெருநாளன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். பெருநாளன்று மஹய்யாவைக்கு ஹாஷிம் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. பாலாம்பிகை ருசித்துச் சாப்பிட்டாள். அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அன்றைக்கும் அவன் சொல்லவில்லை. நல்ல நாளில் மனிதரை நோகடிக்கக் கூடாதாம். கோழைக்குக் காரணம் கிடைக்காமல் போவதில்லை.

டிசெம்பர் கடைசியில் ஒருநாள் பார்த்தால் ஜன்னல் துணியை எடுத்திருந்தார்கள். மாடி திறந்து கிடந்தது. இத்தா முடிந்துவிட்டது, மறுபடி தொடங்கவும் இல்லை. செல்லச்சாமிக்குத் தலைமேல் இருந்த பாறை உருண்டாற்போல் இருந்தது. இனிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று தோன்றியது. புதிதாக வந்த நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு துள்ளலோடு குடைக்கடைக்குப் போனான்.

"என்ன நானா, மேல வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சி" என்றார் ஹாஷிம். குடைக்கம்பியைக் கீழே வைத்தார். "தங்கச்சி மடவளைக்கிப் போயிட்டா, சின்னம்மா வீட்டுக்கு. தம்பி, எனக்கிட்டச் சொல்ல ஏதும் இரிக்கா?"

இது கடைக் கேள்வி இல்லை என்று செல்லச்சாமிக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "இல்லையே நானா. புதுசா ஒண்ணு வந்திருக்கு, அருமையான கதை" என்று புத்தகத்தை நீட்டினான்.

ஹாஷிம் கை நீட்டவில்லை. "அண்டைக்கி நான் பள்ளியால வந்து மேல ஏறின கையோட அவ சொல்லிட்டா" என்றார். குரல் உயரவே இல்லை. "அழுதுக்கிட்டுத்தான் சொன்னா. நான் கீழ எறங்கி உங்கட சட்டையப் புடிக்கிறதுக்குத்தான் எழும்பினேன். அவதான் போக உடல்ல. 'நானா, அவரு கெட்ட எண்ணத்தோட வரல்ல. பொஸ்தகம் படிச்ச கிறுக்கு. அவராவே வந்து உங்களுக்கிட்டச் சொல்லுவாரு. அதுவரைக்கும் நீங்க கேக்க வாணாம்' எண்டா. சரியெண்டு இருந்தேன். ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் போறப்ப, இண்டைக்கி வந்த ஒடன தம்பி சொல்லிடுவாரு எண்டு நெனச்சிக்கிட்டுத்தான் போனேன்."

இத்தனை வெள்ளியும் செல்லச்சாமியைத்தான் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "நானா, நான் செஞ்சது தப்பு..." என்று ஆரம்பித்தான்.

"அண்டைக்கி நடந்தது கிறுக்குத்தான் தம்பி. அத அண்டைக்கே மன்னிச்சிட்டம், அவளும் நானும். மாப்புள மௌத்தாகி வந்த புதுசுல அவ சோறு திங்கல்ல, வாய் தொறக்கல்ல. உங்கட பொஸ்தகம்தான் அவளப் பேச வெச்சிச்சி. அந்த நன்றி எனக்கு இரிக்கி. ஆனா கேட்டுக் கேட்டு இல்ல இல்லையெண்டீங்களே, அதுதான் தாங்க ஏலல்ல. நானா நானா எண்டு கூப்பிட்டீங்க. அப்ப அவ உங்களுக்கு யாரு?"

'நானா' என்ற சொல்லை இத்தனை வருஷம் ஓசைக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. வீதியில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்ற கவலைகூட இல்லை.

"அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க நானா. அது மட்டும் போதும்."

ஹாஷிம் குடைக்கம்பியை மறுபடி கையில் எடுத்தார். கோபம் இருந்திருந்தால் செல்லச்சாமி தாங்கியிருப்பான். அந்த முகத்தில் களைப்புதான் இருந்தது.

"வீட்டுப் பொம்பளப் புள்ள பேச்ச வெளி ஆம்பிளைக்கிட்டக் கொண்டுவரப்படாது. தெரிஞ்சும் கொண்டுவந்தேன். உங்கட பேச்ச அவளுக்கும், அவட பேச்ச உங்களுக்கும் இந்தப் படியால ஏறி எறங்கிக் கொண்டு திரிஞ்சேன், என்ட பேச்சு மாதிரி. இனி அது ஏலாது தம்பி."